மல்லிப்பட்டினம் கடலில் மீன் கிடைக்காத ஒரு ஞாயிறு

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை வழியாகத் தெற்கே சுமார் 65 கிலோ மீட்டர் போனால் மனோரா வரும். வழியில் முதலில் நெல்வயல், பிறகு தென்னந்தோப்பு, தோப்பு முடிகிற இடத்தில் கடல். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக மன்னர் இரண்டாம் சரபோஜி 1814-15இல் கட்டிய எட்டு அடுக்குக் கோபுரம்தான் மனோரா. அறுகோண வடிவம், உயரம் சுமார் 23 மீட்டர். அதன் அடியில் நின்று பார்த்தால் கடலில் அலையே இல்லாததுபோல் இருக்கும். வேளாங்கண்ணிக் கடலைப் பார்த்துப் பழகியவர்கள், "இது கடலா, ஏரியா?" என்று கேட்பார்கள்.

இது பாக் விரிகுடா. இந்தப் பக்கம் தமிழகக் கரை, எதிரே இலங்கை. நடுவில் உள்ள கடலில் 15 மீட்டர் ஆழத்தைத் தாண்டாத இடமே அதிகம். கரையோரத்தில் தண்ணீர் இடுப்பளவுதான். அடியில் சேறு, சேற்றில் கடற்புல். வயலில் புல் முளைத்ததுபோலப் பரந்து கிடக்கும் அந்தப் புல்லைத் தின்று வாழும் பிராணி கடற்பசு. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டி 448 சதுர கிலோ மீட்டர் கடற்பரப்பை 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் கடற்பசு பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. கடற்பசுவுக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் பாதுகாப்பகம் இதுதான். வலையில் கடற்பசு சிக்கினால் வலையை அறுத்து விட்டுவிடும் மீனவர்களுக்கு வனத்துறை பரிசு கொடுத்துப் பாராட்டுகிறது.

இந்தக் கடலுக்குத்தான் ஒரு மாசி மாத ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் தூண்டில் போடப் போனார்கள். பிழைப்புக்காகப் போகவில்லை. ஆசைக்காகப் போனார்கள்.

கீற்றும் கருவாடும் சேர்த்த பழக்கம்

நால்வரில் மூத்தவர் பேராவூரணிப் பக்கத்துத் தென்னை விவசாயி. அறுபதைத் தொடுகிறவர். அவருடைய தோப்புக் கீற்று வருடாவருடம் மல்லிப்பட்டினத்துக்குப் போகும். கீற்று கொண்டுபோகும் வண்டி திரும்பும்போது உப்பில்லாத மீன் கழிவை ஏற்றி வரும். தென்னைக்கு அதைவிட நல்ல எரு இல்லை என்பது அவர் கட்சி. அந்தப் போக்குவரத்தில் பழக்கமானவர்தான் படகுக்காரர். நாற்பத்தைந்து வயது இருக்கும். சொந்தமாக ஒரு ஃபைபர் படகு, கூடத் தொழில் பார்க்கத் தம்பி ஒருவன்.

மற்ற மூவரும் ஒரத்தநாட்டுக்காரர்கள். மூன்று ஏக்கரில் சம்பா அறுத்துவிட்டு நெல் தரிசில் உளுந்து நிற்க வைத்திருப்பவர் ஒருவர். அவருடைய மச்சான் இன்னொருவர். மூன்றாவது, உளுந்துக்காரரின் மகன். பொறியியல் படித்து முடித்து, அடுத்து வரும் புதன்கிழமை ஓசூரில் வேலைக்குச் சேர வேண்டிய பையன்.

பயணம் பையனால்தான் வந்தது. வெளிநாட்டில் பெரிய படகில் போய் ஆள் உயர மீனைத் தூண்டிலில் இழுக்கும் காட்சிகளைக் கைபேசியில் பார்த்துப் பார்த்து, இணையத்தில் ஒரு தூண்டில் கோலும் ரீலும் வாங்கிவிட்டான். ஊர்ப் பெரிய ஏரியில் அதற்கு வேலை இல்லை. 'இருபத்திரண்டு வருஷம் கூடவே இருந்தான். அறுப்பு, நடவு, கடன் என்று ஓடியதில் அவனோடு ஒரு நாள் எங்கேயும் போனதில்லை' என்ற எண்ணம் அப்பாவுக்கு இருந்தது. தென்னைக்காரரிடம் சொன்னார், தென்னைக்காரர் படகுக்காரரிடம் சொன்னார். டீசல், தம்பிக்குக் கூலி, இரை எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய் என்று பேச்சு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. பாக் விரிகுடாக் கரையில் வாரத்தில் 3 நாள் விசைப்படகுக்கு, மீதி 4 நாள் நாட்டுப்படகுக்கு என்று முறை வைத்துத் தொழில் செய்கிறார்கள். ஒரே வாய்க்காலில் முறைப்பாசனம் வைப்பதுபோலத்தான் இதுவும். ஞாயிறு நாட்டுப்படகின் நாள். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும்.

முதல் நாள் இரவு

சனிக்கிழமை சாயங்காலமே படகுக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கை வந்திருக்கிறது, இலங்கைக்குத் தென்கிழக்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி இருக்கிறது, குமரிக்கடலுக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள், நம் கடலைச் சொல்லவில்லை என்றார். "வாங்கண்ணே, காலையில வானத்தப் பாத்து முடிவு பண்ணிக்கலாம். ஆனா நான் திரும்பலாம்னு சொன்னா திரும்பிடணும்" என்று ஒரு நிபந்தனையும் போட்டார். "சரி தம்பி" என்று தென்னைக்காரர் ஒப்புக்கொண்டார். நிபந்தனையை மற்ற மூவருக்கும் சொல்ல மறந்துவிட்டார்.

உளுந்துக்காரருக்கு இன்னொரு வேலையும் பாக்கி இருந்தது. உளுந்து பூவெடுக்கும் பருவம். ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை முந்திய இரவே ஊறவைத்து, மறுநாள் தெளிந்த நீரை வடித்து 200 லிட்டராக்கி மாலையில் தெளிக்க வேண்டும். மூன்று ஏக்கருக்கு 12 கிலோ வாங்கி வைத்தாயிற்று. திங்கட்கிழமை தெளிக்க ஆளும் சொல்லியாயிற்று. ஞாயிறு இரவு திரும்பியதும் ஊறப்போடுவது என்று திட்டம்.

கரை மறைகிற தூரம்

அதிகாலை நாலரை மணிக்குத் துறைமுகத்தில் இருந்தார்கள். படகுக்காரர் நால்வரின் ஆதார் நகலையும் வாங்கிக் கடலோரக் காவல் குழுமத்தில் பெயர் பதிந்துவிட்டு வந்தார். ஆளுக்கொரு மிதவைச் சட்டை கொடுத்தார். மச்சான் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "கெணத்துல நீச்சல் அடிச்ச ஒடம்பு இது" என்றார். "கெணறு ஆடாதுண்ணே" என்று சொல்லி, தம்பியே அவருக்கு மாட்டிக் கட்டிவிட்டான்.

துறைமுகத்து வாய்க்காலை விட்டு வெளியே வரும்வரை படகு மெதுவாகப் போனது. இரண்டு பக்கமும் ஆழமில்லை. தண்ணீருக்கடியில் கடற்புல் கருப்பாகத் தெரிந்தது. புல்லின்மேல் நங்கூரம் போடக் கூடாது என்றார் படகுக்காரர். சின்ன இறாலும் நண்டுக் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்வது அதற்குள்தானாம். "நாத்தங்கால்ல மாட்ட விடுவீங்களா? அது மாதிரிதான்" என்று அவர் சொன்னதும் ஒரத்தநாட்டுக்காரர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

ஒரு மணி நேரம் ஓடிய பிறகு கரை ஒரு பச்சைக் கோடாகி, பிறகு அதுவும் மறைந்தது. காற்று வடக்கேயிருந்து இலேசாக வந்தது. மாசியில் வாடை இப்படி ஓய்ந்து வீசுவது வழக்கம்தான். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான் இந்தக் கடலுக்கு வெறி பிடிக்கும். மாசி, பங்குனியில் அடங்கிவிடும். அந்த நம்பிக்கையில்தான் நாளும் குறித்திருந்தார்கள்.

கிழக்கு வெளுத்தபோது சூரியன் வரவில்லை. அடிவானத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் மட்டும் நின்றது. படகுக்காரர் அதை இரண்டு மூன்று முறை திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மீன் கடிக்காத தண்ணீர்

முதல் இடத்தில் எஞ்சினை நிறுத்தித் தூண்டில் போட்டார்கள். படகுக்காரரும் தம்பியும் போட்டது கைத்தூண்டில். நரம்பு, முள், ஈயக்குண்டு, கணவாய்த் துண்டு, அவ்வளவுதான். பையன் தன் கோலை விரித்து, பளபளக்கும் செயற்கை மீனை மாட்டி வீசினான். வீச்சு நன்றாகத்தான் இருந்தது. முக்கால் மணி நேரத்தில் ஒருவர் நரம்பும் அசையவில்லை.

இடம் மாற்றினார்கள். அங்கே கிழங்கான் நாலைந்து வந்தன. விரல் நீளத்துக்குக் கொஞ்சம் மேல். மச்சானின் தூண்டிலில் ஒரு கெளுத்தி ஏறியது. ஆசையாகப் பிடிக்கப் போனவரின் கையைத் தம்பி தட்டிவிட்டான். கெளுத்தியின் முதுகிலும் பக்கத்திலும் இருக்கும் முள் குத்தினால் கை வீங்கிக் கடுக்கும். அன்றைய தினம் மச்சான் பிடித்த ஒரே மீன் அதுதான். பையனின் செயற்கை மீன் அடியில் எதிலோ சிக்கி அறுந்துபோனது. அதன் விலை 350 ரூபாய் என்பதை அப்போதுதான் அப்பா கேட்டறிந்தார்.

ஏன் கடிக்கவில்லை என்று பையன் கேட்டான். படகுக்காரர் ஒரு வாளித் தண்ணீரை மொண்டு காட்டினார். மோர் போலக் கலங்கியிருந்தது. ஆழமில்லாத கடலில் தூரத்துக் காற்றின் அலை வந்தாலே அடிச்சேறு கிளம்பிவிடும். கலங்கலில் மீனுக்கு இரை தெரியாது. அதோடு, காற்று மாறப்போகும் நேரத்தில் மீன் இறங்கிப் படுத்துவிடும் என்பது அவர்கள் அனுபவம்.

எட்டு மணிக்குள் மச்சானுக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்த இட்லியும் வடையும் கடலுக்குப் போயின. நடுப்படகில் உட்கார்ந்து தூரத்து அடிவானத்தையே பார்க்கச் சொன்னார் படகுக்காரர். கடலுக்குப் போகிற அன்று காலையில் வயிறு முட்டச் சாப்பிடவும் கூடாது, வெறும் வயிற்றோடும் போகக் கூடாது. இது பிறகுதான் தெரிந்தது.

காற்று மாறியது

சரியாக எட்டேகாலுக்கு வாடை நின்றது. ஐந்து நிமிடம் காற்றே இல்லை. எஞ்சினும் ஓடாததால் படகின் பலகையில் தண்ணீர் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கிழக்கேயிருந்து கொண்டல் கிளம்பியது. முதலில் முகத்தில் ஈரமாக, அப்புறம் சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல. அடிவானத்துச் சாம்பல் சுவர் பாதி வானம்வரை ஏறியிருந்தது.

"நரம்பச் சுத்துங்கண்ணே, திரும்பிடலாம்" என்றார் படகுக்காரர்.

மணி எட்டரைகூட ஆகவில்லை. பகல் ஒரு மணிவரை என்பது பேச்சு. உளுந்துக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. "மழ கூட வரல தம்பி. இன்னும் ஒரு மணி நேரம் பாப்பமே. பையன் புதன்கெழம ஊருக்குப் போயிருவான். அப்புறம் எப்ப வருவானோ" என்றார்.

படகுக்காரர் நரம்பைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "அதனாலதாண்ணே திரும்பலாங்கிறேன்."

அதற்குமேல் யாரும் பேசவில்லை. பையன் கோலை மடக்கி உறையில் போட்டான்.

ஆழமான கடலைவிட ஆழமில்லாத கடலில் காற்றுக்கு ஆபத்து குறைவு என்று நிலத்துக்காரர்கள் நினைப்பதுண்டு. உண்மை வேறு. ஆழம் குறைந்த இடத்தில் அலை நீளமாக உருண்டு வராது. குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி வரும். ஒரு அலையில் ஏறிய படகு நிமிர்வதற்குள் அடுத்தது வந்து அடிக்கும். வரும்போது ஒரு மணி நேரத்தில் கடந்த தூரத்துக்குத் திரும்பும்போது இரண்டு மணி நேரம் ஆனது. பின்னாலிருந்து வந்த அலை படகைத் தூக்கித் தள்ளியது. எஞ்சினைக் கூட்டுவதும் குறைப்பதுமாகப் படகுக்காரர் ஒரு நொடியும் திரும்பிப் பார்க்கவில்லை. தம்பி தண்ணீர் இறைத்துக்கொண்டே இருந்தான். பையனும் ஒரு வாளியை எடுத்து இறைக்க ஆரம்பித்தான். அப்பா ஒரு கையால் படகின் விளிம்பையும் மறு கையால் பையனின் மிதவைச் சட்டைப் பட்டையையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கரை தெரிந்த பிறகும் அந்தக் கையை எடுக்கவில்லை.

கணக்குத் தீர்த்த விதம்

பத்தரை மணிக்கு மேல் துறைமுகத்துக்குள் வந்து சேர்ந்தார்கள். எல்லோரும் தொப்பல். கூடையில் கிழங்கான் ஆறு, கெளுத்தி ஒன்று.

தேநீர்க் கடையில் உட்கார்ந்ததும் மூத்தவர் மடியிலிருந்து 4,000 ரூபாயை எடுத்தார். படகுக்காரர் வாங்கவில்லை. டீசல் 1,100, தம்பி கூலி 700, அதை மட்டும் கொடுங்கள், மீனே காட்டாமல் என் கூலியை எப்படி வாங்குவது என்றார். மச்சானும் அதுதான் நியாயம் என்று தலையசைத்தார்.

மூத்தவர் ஒப்பவில்லை. "டிராக்டர்காரன் உழுதுட்டுப் போனான். மழை ஏமாத்திருச்சு, வெதைக்கல. வாடகை கொடுக்காம இருப்பமா? நீ படகு ஓட்டுன. மீனு கொடுக்கிறது ஒன் கையில இல்ல" என்றார். கொஞ்ச நேரம் இப்படியும் அப்படியும் பேசி, டீசலும் தம்பி கூலியும் முழுதாக, படகுக்காரர் பங்கு 2,200இல் பாதி என்று முடிவானது. மொத்தம் 2,900 ரூபாய். கெளுத்தியையும் கிழங்கானையும் தேநீர்க் கடைக்காரரின் பூனைக்கும் தம்பியின் வீட்டுக்குமாகப் பிரித்துக் கொடுத்தார்கள்.

எட்டு வருட மரம், எட்டு மணி நேரப் புயல்

மழை தூற ஆரம்பித்தது. கிளம்ப வழியில்லாமல் கடையிலேயே உட்கார்ந்திருந்தபோது பேச்சு கஜா புயலுக்குப் போனது. இந்தப் பகுதியில் எந்தப் பேச்சும் கடைசியில் அங்குதான் போய் நிற்கும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய அந்தப் புயல், விடிவதற்குள் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரத் தென்னையைப் படுக்கப் போட்டது. மல்லிப்பட்டினத் துறையில் கட்டியிருந்த படகுகளை ஒன்றோடொன்று மோதி உடைத்தது.

மூத்தவருக்கு அன்று 180 மரம் போனது. அதில் பாதி, காய்ப்புக்கு வந்து எட்டு வருடம் ஆன மரம். படகுக்காரருக்குப் படகு இரண்டாகப் பிளந்தது. "படகாவது கடன வாங்கி ஆறு மாசத்துல செஞ்சுட்டேன். ஒங்களுக்குத்தாண்ணே கொடும. மரத்த யாரு கடன் குடுப்பா?" என்றார். நெட்டை இரகத் தென்னை நட்டால் பாளை பார்க்கவே ஐந்தாறு வருடம் ஆகும். மூத்தவர் 2019இல் நட்ட கன்றுகள் இப்போதுதான் குலை தள்ளுகின்றன.

அந்த இரவில் அவர் இழக்காமல் காப்பாற்றியதும் ஒன்று உண்டு. முந்தின நாள் எச்சரிக்கையைக் கேட்டு மாடுகளைக் கொட்டகையிலிருந்து அவிழ்த்துப் பள்ளிக்கூடக் கட்டடத்தின் பக்கம் கொண்டுபோய்க் கட்டினார். கொட்டகை விழுந்தது, மாடு பிழைத்தது. படகுக்காரரும் அன்று கடலுக்குப் போகவில்லை. படகு போனது, ஆள் இருக்கிறார். "போட்டத எடுக்கணும்னு நெனச்சா கடல்ல நிக்க முடியாதுண்ணே. டீசல் போட்டாச்சே, எரை வாங்கியாச்சேன்னு நின்னவங்கள எனக்குத் தெரியும்" என்று அவர் சொன்னபோது உளுந்துக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

அந்தக் கணக்கு விவசாயிக்கும் தெரிந்ததுதான். ஆள் சொல்லியாச்சே என்று மழைக்கு முன்னால் மருந்தடிப்பது, இயந்திரம் வந்து நிற்கிறதே என்று ஈரக் கதிரை அறுப்பது, விதை ஊறப்போட்டாச்சே என்று காய்ந்த மண்ணில் விதைப்பது எல்லாம், போட்டதை எடுக்கப் போய்ப் பெரிதாக விடுகிற வேலைகள்தாம். உளுந்துக்காரர் அங்கேயே வீட்டுக்குப் பேசினார். "டி.ஏ.பி.ய ஊறப்போட வேணாம். நாளைக்கு ஆளு வர வேணாம்னு சொல்லிரு" என்றார். தெளித்தபின் சில மணி நேரமாவது இலையில் கரைசல் தங்க வேண்டும். உடனே மழை வந்தால் 12 கிலோ டி.ஏ.பி.யும் தெளிப்புக் கூலியும் வாய்க்காலில் போகும்.

இன்னொரு பேச்சில் மட்டும் இரண்டு பக்கமும் ஒத்துவரவில்லை. கடைமடைக்குத் தண்ணீர் வராத வருடத்தில்கூட ஆற்றுநீர் வீணாகக் கடலில் கலக்கிறது என்று மச்சான் குறைப்பட்டார். "வீணான்னு யாருண்ணே சொன்னது?" என்றார் படகுக்காரர். அக்னியாறும் மற்றக் காட்டாறுகளும் வந்து கலக்கிற வருடத்தில்தான் கழிமுகத்தில் இறால் குஞ்சு வளரும், மடவையும் கொடுவாயும் உள்ளே ஏறும், ஆறு வராத வருடம் எங்களுக்கும் வறட்சிதான் என்றார். மச்சான் பதில் சொல்லவில்லை. ஒப்புக்கொள்ளவும் இல்லை.

மீன் பிடிக்கப் போய்க் கருவாடு

மழை விட்டதும் மனோரா பார்க்கப் போனார்கள். கடல் சேற்று நிறத்தில் குமுறிக்கொண்டிருந்தது. காலையில் ஏரி என்று தோன்றியிருக்கக்கூடிய அதே கடல்தான். பையன் அதைக் கைபேசியில் படம் பிடித்தான். அப்பாவையும் நிற்க வைத்து ஒரு படம் எடுத்தான். நனைந்த வேட்டியை முறுக்கிக்கொண்டு நிற்கும் படம்.

வெறுங்கையோடு வீட்டுக்குப் போக முடியாது. படகுகள் போகாததால் அன்று ஏலக்கூடத்தில் பச்சை மீன் குறைவு, விலையும் எட்டவில்லை. கடைசியில் நெத்திலிக் கருவாடு ஒரு கிலோவும் வாளைக் கருவாடு அரைக் கிலோவும் வாங்கினார்கள். மூத்தவர் வழக்கம்போல இரண்டு மூட்டை மீன் கழிவுக்குச் சொல்லிவைத்தார். ஆள் உயர மீன் வரும் என்று குழம்புக்கு மசாலா அரைத்து வைத்திருந்த வீட்டில் அன்று கருவாட்டுக் குழம்பு.

அந்தத் தாழ்வுப் பகுதி புயல் ஆகவில்லை. ஞாயிறு இரவு கரையோரத்தில் ஒரு மணி நேரம் மழை பெய்தது. ஒரத்தநாட்டில் தூறலோடு சரி. மணிக்கு 35 முதல் 45 கிலோ மீட்டர் வேகத்தில் காற்று வீசும் என்ற எச்சரிக்கை பாக் விரிகுடாவுக்கும் வந்ததால் திங்கட்கிழமை விசைப்படகுகளுக்கு அனுமதிச் சீட்டு கொடுக்கவில்லை. செவ்வாய் மதியம் வெயில் அடித்தது. 'அன்றைக்கு ஒரு மணிவரை நின்றிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது' என்று மச்சான் ஊரில் சொல்லித் திரிகிறார். ஆகியிருக்காமலும் இருக்கலாம். கரைக்கு வந்து சேர்ந்தவர்கள்தான் அப்படிச் சொல்ல முடியும். உளுந்துக்குப் புதன்கிழமை மாலை டி.ஏ.பி. தெளித்தார்கள். இரண்டு நாள் தள்ளிப்போனதில் பூ ஒன்றும் உதிர்ந்துவிடவில்லை.

போக நினைப்பவர்களுக்கு

பாக் விரிகுடாக் கரைக்குக் குடும்பத்தோடு போக ஏற்ற காலம் மாசிக் கடைசியிலிருந்து சித்திரைவரை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக விடுகிற ஓய்வு அது. அப்போது நாட்டுப்படகு மீன் மட்டுமே ஏலத்துக்கு வரும்.

படகில் ஏற வேண்டுமானால் அதற்கு அனுமதி உண்டா என்று மீன்வளத்துறையிலோ கடலோரக் காவல் குழுமத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள். பெயர் பதியாமலும் மிதவைச் சட்டை இல்லாமலும் ஏறாதீர்கள். அவசரத்துக்குக் கடலோரக் காவல் குழுமத்தின் எண் 1093, கடலோரக் காவல்படையின் எண் 1554. கடற்புல் உள்ள இடத்தில் நங்கூரமும் வேண்டாம், குப்பையும் வேண்டாம்.

மீனவர் எச்சரிக்கையை வயலுக்கும் பயன்படுத்தலாம். கொண்டல் திரும்புவதைக் கடல்தான் முதலில் பார்க்கிறது. செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வரும் வேளாண் வானிலை அறிக்கையோடும், மேகதூத், உழவன் செயலிகளோடும் அதையும் சேர்த்துப் பார்த்துவிட்டுத் தெளிப்புக்கும் அறுவடைக்கும் நாள் வைத்தால் செலவு மிஞ்சும்.

கடைசியாக, பேச்சைக் கரையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். மீன் கிடைத்தால் எவ்வளவு என்பதை எல்லோரும் பேசுவார்கள். பாதியில் திரும்பினால் எவ்வளவு, திரும்புவதை யார் முடிவு செய்வது என்பதையும் முதலிலேயே பேசி, கூட வருகிற எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும். அறுவடை இயந்திரம் பேசும்போதும் இதே முறைதான்.